திறந்த தேசப்படமும் யாழ்ப்பாணத்து ஊர்ப்பெயரும்

ஒரு நூலை ஆராயப் புகுவோர் அதனை இயற்றியவர் யார், அவர் எக்காலத்தவர், இன்று கிடைக்கும் பாடம் அவர் எழுதியதுதானா என்று முதலில் வினவுவர். தேசப்படத்தை அவ்வாறு வினவுவார் அரியர். நிலமே தானாக வந்து தாளிற் படிந்தது போல அதன் கோடுகளையும் பெயர்களையும் ஐயமின்றி ஏற்பதே பெருவழக்கு. ஆயினும் தேசப்படமும் ஒருவகை நூலே. அதற்கு ஆசிரியர் உளர். ஆசிரியர்க்கு நோக்கம் உண்டு. அவர் அறிந்தனவும் அறியாதனவும் அதன்கண் ஒருங்கே பதிந்துள்ளன. இவ்வுண்மையை மறைக்க முயலாத தேசப்படம் ஒன்று இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே தோன்றியது. 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஸ்ரீவ் கோஸ்ற் என்பவர் தொடங்கிய ‘ஓப்பன்ஸ்ரீற்மப்’ என்பதே அது. அரசாங்க நில அளவை நிறுவனத்தின் தரவுகளைப் பெறுதற்கு அந்நாட்டிலே அக்காலத்தில் பெரும்பொருள் கொடுத்தல் வேண்டியிருந்தது. மக்கள் நடக்கும் வழியை மக்களே குறித்தால் அப்பொருட்செலவு எதற்கு என்ற எளிய எண்ணமே இம்முயற்சிக்கு வித்தாயிற்று.

திறந்த தேசப்படம் என இதனைத் தமிழிற் சுட்டுதல் பொருந்தும். எவரும் இதிலே ஒரு வீதியையோ கிணற்றையோ சேர்க்கலாம். பிறர் சேர்த்ததைத் திருத்தலாம். யாவற்றையும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம். பயன்படுத்துவோர் மூலத்தைக் குறிப்பிடல் வேண்டும். அத்தரவைத் திருத்தி வெளியிடுவோர் தம் திருத்தத்தையும் அவ்வாறே பிறர்க்குத் திறந்துவிடல் வேண்டும். 2012 முதல் இதன் தரவுக்கு உள்ள உரிமம் கூறுவது இதுவே. படத்தை வரைந்து காட்டும் மென்பொருள்களின் மூலநிரலும் எல்லார்க்கும் திறந்தே கிடக்கின்றது.

இம்முயற்சியை யாழ்ப்பாணத்தார் விளங்கிக்கொள்ளுதற்கு அயல்நாட்டு உவமை வேண்டியதில்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் துணிய வேண்டியிருந்தது. ஏடெழுதியோர் எவ்வெழுத்தை எப்போது மாற்றினர் என்பதை ஊகித்தே அறிதல் வேண்டும். திறந்த தேசப்படத்தில் அவ்வூகத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு வீதிக்கும் ஒவ்வோர் ஊர்ப்பெயருக்கும் பதிப்பெண் உண்டு. மாற்றியவர் எந்தப் பெயரிற் கணக்கு வைத்துள்ளாரோ அப்பெயரும், மாற்றிய நாளும் உண்டு. முன்னைய பாடம் அழிக்கப்படுவதில்லை. சுவடிப் பதிப்பாளர் கனவிலும் காணாத வசதி இது. ஆயின் பாடபேதம் முழுவதும் கைக்கு எட்டுவதனால் நல்ல பதிப்புத் தானே உண்டாகிவிடாது. பதிப்பாசிரியன் ஒருவன் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை அப்பதிப்பாசிரியன் யாவன் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

குடாநாட்டின் தேசப்படத்தை இதற்குமுன் எழுதியவர் பெரும்பாலும் பிறரே. 1672இல் அம்ஸ்ரர்டாமில் வெளிவந்த பல்தேயுஸ் பாதிரியாரின் ஒல்லாந்த நூலிலே யாழ்ப்பாணமும் தீவுகளும் படமாக வரையப்பட்டுள்ளன. ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. அவற்றுள் நெடுந்தீவின் பெயரொன்றே இன்றும் ஆங்கிலத்தில் வழங்குகின்றது. ஊர்காவற்றுறைக்கருகே கடலின் நடுவே நிற்கும் கோட்டைக்கு ஹமென்ஹீல் என்று பெயரிட்டனர். இலங்கைத் தீவின் வடிவம் பன்றித் தொடையை ஒத்தது என்றும், இக்கோட்டை அதன் குதிக்கால் என்றும் அவர்கள் எண்ணினர். உணவு மேசையிலிருந்து நாட்டைப் பார்த்தவர் வேறென்ன காண்பர்! போத்துக்கேயர் பருத்தித்துறை முனையைக் ‘கற்களின் முனை’ என்று தம் மொழியிற் கூறினர். அதன் பொருள் அறியாத ஆங்கிலேயர் கல்லை ஆளாக்கிப் ‘பொயின்ற் பீற்றோ’ என்றனர். பருத்தி ஏற்றிய துறை அப்பெயருள் எங்கும் இல்லை. 1800இல் நில அளவைத் திணைக்களம் நிறுவப்பட்ட பின்னர், மைலுக்கு ஓரங்குலமாகத் தீவு முழுவதும் எழுபத்திரண்டு தாள்களில் வரையப்பட்டது. கோடுகளின் திருத்தத்திலே அதற்கு நிகரில்லை. பெயர்களோ அளவையாளர் செவிக்கு எட்டியவாறு உரோமன் எழுத்திற் புகுந்தன.

அப்பிழைகளை நோக்கி நகைத்தல் எளிது. அவற்றிலிருந்து அறிய வேண்டியது வேறு. பெயரை எழுதுவோனும் பெயரால் வாழ்வோனும் வெவ்வேறு ஆளாயின் பிழை புகும். எழுதுகோலை எவர்க்கும் கொடுக்கும் தேசப்படம் வந்தபின் அப்பிழைக்குச் சாக்கு ஒன்று குறைந்தது. திறந்த தேசப்படத்தில் ஓர் இடத்துக்குப் பொதுப்பெயர் ஒன்றும், அதனருகே மொழிதோறும் தனிப்பெயரும் எழுத இடமுண்டு. தமிழ்ப்பெயர், சிங்களப்பெயர், ஆங்கிலப்பெயர், பழைய பெயர், மாற்றுப்பெயர், ஊரார் மட்டும் வழங்கும் பெயர் என வேறு வேறு கட்டங்கள் உள. தெல்லிப்பழை என்பதா தெல்லிப்பளை என்பதா என்ற நீண்ட வழக்கைக்கூட இங்கே இரு பாடமாகவும் பதித்துவிடலாம். அச்சுத் தாளிலே இவ்விரிவு இயலாது.

கட்டம் இருப்பினும் எழுத்து அதிற் செவ்வையாகத் தோன்றல் வேண்டுமே. இங்கேதான் மென்பொருளுக்குப் பங்களிப்பதன் அருமை விளங்கும். கொக்குவில் என்னும் சொல்லை நோக்குக. முதலெழுத்தின் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கின்றது. கணினியின் நினைவிலோ மெய் முன்னும் குறி பின்னுமாக வரிசைப்பட்டிருக்கும். அவ்வரிசையைக் கண்ணுக்குரிய வடிவமாக மாற்றி அடுக்குதல் தனியொரு கலை. படம் வரையும் ‘மாப்னிக்’ என்ற மென்பொருள் தொடக்கத்தில் அதனைச் செய்ய அறியாது. ஆதலால் இந்திய எழுத்துக்கள் தேசப்படத்திலே கொம்பு ஒருபக்கமும் கால் ஒருபக்கமுமாகச் சிதறும் நிலை இருந்தது. 2015இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு ‘ஹார்ப்பஸ்’ என்னும் எழுத்தடுக்குக் கருவியை ஏற்றுக்கொண்டது. அக்கருவியை வளர்த்தவருள் முதன்மையானவர் ஈரானிற் பிறந்த பெஹ்தாத் எஸ்பஹ்போத். ஒரு பாரசீக நாட்டவரின் திறந்த உழைப்பினாலே கொக்குவிலின் கொகரம் தன் இடத்தில் நிற்கின்றது. அவர் கொக்குவிலைக் கேள்வியுற்றிருத்தல் வேண்டும் என்பதில்லை. இத்தகைய பணியில் அது வேண்டப்படுவதும் இல்லை.

ஆயின் பெயரின் திருத்தத்தை எந்தக் கருவியும் செய்யாது. செய்மதிப் படத்தைக் கண்டு வீதிகளையும் கூரைகளையும் உலகின் எம்மூலையிலிருந்தும் வரையலாம். 2010இல் மைக்ரோசொவ்ற் நிறுவனம் தன் ஆகாயப் படங்களை இதற்குப் பயன்படுத்த இசைந்தபின் அவ்வேலை பெருகியது. கூரையின்மீது ஊர்ப்பெயர் எழுதப்பட்டிருப்பதில்லை. பெயரை உரோமன் எழுத்து மூலமாக அறிந்து தமிழுக்குத் திருப்ப முயல்வோர் படும் இடர் பெரிது. குடாநாட்டார் டகரத்தை இரட்டிக்குமிடத்து ஆங்கிலத்தில் ‘டி’ எழுத்தை இரண்டாக எழுதுவர். தமிழ்நாட்டார் அவ்விடத்தில் ‘ரீ’ எழுத்தை இரண்டாக எழுதுவர். இம்மரபு அறியாதார்க்கு வட்டுக்கோட்டையின் ஆங்கில எழுத்து ‘வடுகோடை’ என்று ஒலித்தல் இயல்பு. சுழிபுரத்தின் ழகரம் உரோமன் எழுத்தில் லகரமாகும். மீளத் தமிழாக்கின் சுலிபுரம் ஆகும். அளவெட்டி அலவெட்டி ஆகலாம். இணுவிலின் ணகரம் னகரமாகலாம். கொடிகாமம் கோடிகாமம் ஆகலாம். குறிலும் நெடிலும் ஓரெழுத்தாலேயே குறிக்கப்படுதலின், திரும்பி வருவோன் எவ்வழி வந்தான் என்பதை அறியான். பளையின் கதி இவற்றினும் இரங்கத்தக்கது. இரண்டெழுத்துப் பெயருக்கு ஆங்கிலத்தில் லகரத்தை இரட்டித்து எழுதுவோர் உளர். அதைக் கண்டு தமிழாக்குவோன் பல்லை எனவோ பள்ளை எனவோ எழுதுவான். ஓர் ஊரிற் பிறந்த மாணவன் அரை நிமிடத்திற் செய்யும் திருத்தத்தைக் கடல் கடந்த வல்லுநர் ஒருவர் ஆண்டு முழுவதும் ஆராய்ந்தும் செய்யமாட்டார்.

பெயர்க்கு அடுத்தது வகை. திறந்த தேசப்படத்தில் ஒவ்வொரு பொருளும் ஒரு வகைச் சொல்லோடு பதியப்படும். அச்சொற்கள் ஆங்கிலம், அவற்றின் முதற் பட்டியல் இங்கிலாந்தின் வீதிகளை நோக்கி எழுந்தது. யாழ்ப்பாணத்து ஒழுங்கையை அப்பட்டியலில் எங்கே வைப்பது? வீடுகள் அதன் இருமருங்கும் இருத்தலின் அது குடியிருப்பு வீதி. அகலத்தை நோக்கின் ஒற்றையடிப் பாதையினும் சிறிது பெரிது. வேலிகளுக்கிடையே மாட்டுவண்டியும் துவிச்சக்கர வண்டியும் செல்லும், நோயாளர் வண்டி செல்லாது. பயனை நோக்கி வகுக்க வேண்டும் என்பதே இத்தேசப்படத்தின் கொள்கை. ஆதலால் குடியிருப்பு வீதி என்றே குறித்து, அகலத்தைத் தனியே எழுதுதல் முறை. அகலத்தை எழுதாது விடுபவன் நோயாளர் வண்டியை வேலியில் மோதவிடுகின்றான்.

பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடம் இன்னும் சுவையான வழக்கு. வழிப்போக்கர் இளைப்பாறுதற்காகத் தெருவின் இருமருங்கும் திண்ணை அமைத்து, தெருவுக்கு மேலே கூரையிட்ட கட்டடம் அது. திறந்த தேசப்படத்தின் வகைப்படி, கட்டடத்தின் ஊடாகச் செல்லும் வீதி சுரங்கவழிகளுள் ஒரு சிறப்பு வகை. கல்லிலே அறத்தை எழுப்பிய முன்னோர் தாம் சுரங்கம் வெட்டியதாகக் கேட்பின் வியப்பர். ஆவுரோஞ்சிக் கல், சுமைதாங்கி, கால்நடை இறங்கி நீரருந்தும் கேணி ஆகியனவும் ஆங்கிலேயரின் பட்டியலில் எதிர்பார்க்கத்தக்கன அல்ல. இதனைக் குறையென்று கூறுமுன் ஒன்றை நோக்கல் வேண்டும். இப்பட்டியல் மூடிய பட்டியல் அன்று. எவரும் புதுவகையை முன்மொழியலாம். பலர் வழங்கின் அது நிலைபெறும். வழுக்கையாற்றுக்கு இடம் கிடைத்தமையே சான்று. மாரியில் ஓடிக் கோடையில் வறளும் அதனை ஆறு என்பதா என ஐயுறுவோர்க்கு, ‘இடைவிட்டு ஓடுவது’ என்ற அடையைச் சேர்த்துப் பதிக்கும் வழி முன்னரே உளது. பாலை நிலத்தாரும் வறள்நிலத்தாரும் உள்ள உலகில் அவ்வடை தேவையாயிற்று. சுமைதாங்கிக்கும் அவ்வாறு ஒரு சொல் வேண்டுமெனின் அதனைக் கேட்க வேண்டியவர் சுமைதாங்கி உள்ள ஊரவரே.

மொழிபெயர்ப்பும் இதனோடு ஒட்டியது. இம்மென்பொருள்களின் பக்கங்களையும் கட்டளைகளையும் தமிழாக்கும் பணியும் திறந்ததே. அங்கே ஈழத்து வழக்கும் தமிழ்நாட்டு வழக்கும் சந்திக்கின்றன. ஒருவர்க்குச் செய்மதி, மற்றவர்க்குச் செயற்கைக்கோள். ஒருவர்க்குத் தேசப்படம், மற்றவர்க்கு வரைபடம். ஒருவர்க்கு வாசிகசாலை, மற்றவர்க்கு நூலகம். எவர் முன்வந்து எழுதுகின்றாரோ அவர் சொல்லே நிற்கும். முன்வராதோர் பின்னர்க் குறைகூறுதல் வழக்கமாயினும் பயனில்லை.

இதுகாறும் கூறியன திருத்தத்தக்க குறைகள். இத்தேசப்படத்தின் அடிப்படை விதி ஒன்றே குடாநாட்டை அணுகும்போது தடுமாறுகின்றது. அவ்விதி வருமாறு: தரையிலே எது உள்ளதோ அதனையே எழுதுக, பெயரிலே பூசல் எழின் அவ்விடத்தில் வழங்கும் பெயரையே கொள்க. அரசியற் பூசல்களிலிருந்து படத்தைக் காத்தற்கு இதனினும் சிறந்த விதியைக் காண்டல் அரிது. எவனோ ஒருவன் தன் விருப்பத்தை ஊர்ப்பெயராக எழுதுவதை இது தடுக்கும். பெயர்ப்பலகையும் ஊரார் வாய்மொழியும் சாட்சியாகும். ஆயின் விதியின் உட்கிடை ஒன்று உண்டு. தரையிலே மக்கள் இருக்கின்றனர் என அது நம்புகின்றது.

1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு எழுந்தனர். பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, வசாவிளான் முதலிய இடங்களிற் பரந்த நிலம் உயர்பாதுகாப்பு வலயத்துட் சென்றது. போர் 2009இல் முடிந்தபின் நிலம் சிறிது சிறிதாகவே விடுவிக்கப்பட்டது; மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 யூலையிலேதான் மீண்டது. திறந்த தேசப்படம் தோன்றிய 2004ஆம் ஆண்டில் அத்துறையிலே மீனவர் இல்லை. ஒழுங்கைகளைப் பற்றை மூடியிருந்தது. தரையில் உள்ளதை எழுதுக என்ற விதியை எழுத்துப்படி கொண்டால், வரைவோன் அங்கே எழுதத்தக்கன பற்றைக்காடும் வேலியுமே. இத்தேசப்படத்தின் வகைப்பட்டியலிலே மக்கள் குடியிராத, பெயர் மட்டும் உள்ள இடத்துக்கு ஒரு வகை உண்டு. அவ்வகைப்படி, தலைமுறைகளாக வலை வீசி வாழ்ந்த ஓர் ஊர், ஊர் என்னும் நிலையிலிருந்து வெற்றிடம் என்னும் நிலைக்கு இறங்கிவிடும். எழுதியவனுக்குத் தீய எண்ணம் சிறிதும் இராது. விதியைப் பிழையின்றிப் பின்பற்றியிருப்பான். அதனாலேயே இக்குறை ஆராயத்தக்கதாகின்றது.

பழைய பெயரை எழுதவும், கைவிடப்பட்ட பொருளை அவ்வாறு குறிக்கவும் வழி உண்டே எனலாம். உண்மையே. பழைய நிலத்தோற்றத்துக்கெனத் தனியே வரலாற்றுத் தேசப்படம் ஒன்றும் இதன் கிளையாக எழுந்துள்ளது. ஆயின் இடம்பெயர்ந்தோர்க்கு அவ்வூர் பழையது அன்று. அவர் கையில் உறுதியும் உண்டு, மனத்தில் வழியும் உண்டு. கைவிட்டனர் என்னும் சொல்லும் பொருந்தாது. விரும்பி நீங்கினோரையும் நீக்கப்பட்டோரையும் ஒரே அடையாலே குறிக்கும் வகைப்பட்டியல் இன்னும் முதிரவில்லை என்றே துணியலாம். தரையிலே உள்ளது என்பதற்குத் தரைக்கு உரியோர் அறிந்தது என்று விரித்துப் பொருள் கொள்வதே இவ்விதிக்கு நேர்மையான உரை. உள்ளூர் அறிவை உயர்வாகக் கொள்ளும் இம்முயற்சியின் மற்றொரு கொள்கையோடும் அவ்வுரை முரணாது.

அஞ்சுவோர் கூற்றையும் புறக்கணித்தல் ஆகாது. போர்க்காலத்தை அறிந்த ஊர்களிலே தேசப்படம் என்பது வேவுக்கும் எறிகணைக்கும் துணையாவதென்ற அச்சம் எளிதில் மாறாது. தனியார் பெயரை வீட்டின்மேல் எழுதலாகாது என்ற கட்டுப்பாடு இத்தேசப்படத்தில் உண்டு. அது ஓரளவு ஆறுதல். இன்னொன்று, படம் இல்லாமையாலும் உயிர் போகும். 2004 மார்கழி 26இல் ஆழிப்பேரலை வடமராட்சிக் கிழக்குக் கரையை அழித்தது. நாடெங்கும் நேர்ந்த அவ்வழிவில் யார் எங்குள்ளார், எவ்வுதவி எங்குச் சேரல் வேண்டும் என்பதறிய இலங்கை மென்பொருளறிஞர் தாமே முன்வந்து ‘சகனா’ என்னும் திறந்த மென்பொருளை எழுதினர். பின்னர் அது பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. 2015 சென்னை வெள்ளத்தின்போது நீர் நின்ற தெருக்களை நகரத்தாரே திறந்த தேசப்படத்தின்மீது குறித்தனர். மட்டக்களப்பில் மண்முனை வடக்குப் பிரதேச செயலாளர் பிரிவின் கட்டடங்களை, 2012இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்கீழ், உலக வங்கியின் துணையோடு இத்தேசப்படத்தில் ஏற்றினர். தமிழ் வழங்கும் நகரமொன்று கூரை கூரையாக எழுதப்பட்ட அம்முயற்சி குடாநாட்டுக்கு அண்மையான முன்மாதிரி.

குடாநாட்டுக்கு வேண்டுவது கூரைகளினும் பெயர்களே. யாழ்ப்பாண மாவட்டம் இன்று 435 கிராம அலுவலர் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஓரூரைக் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு எனப் பிரித்து எண்ணிடுவது நிருவாகத்துக்கு எளிது. குறிச்சிகளின் பெயர்க்கு அது கேடு. புலம், கலட்டி, வளவு, அடைப்பு, சீமா என்று முடியும் காணிப்பெயர்களோ நொத்தாரிசுமார் எழுதிய உறுதிகளிலே உறங்குகின்றன. மண்ணின் தன்மை, நீரின் நிலை, முன்னாளிற் பயிரிட்டது, உடையவன் தொழில் என ஒவ்வொரு பெயரும் ஒரு செய்தி கூறும். காணி எல்லைகளையும் உரிமையையும் இத்தேசப்படம் ஏற்பதில்லை, அது தக்கதே. ஊரார் வாயில் வழங்கும் இடப்பெயரை ஏற்கும். ச. வே. குமாரசுவாமி 1918இல் வடமாகாண இடப்பெயர்களின் வரலாற்றை எழுதிய காலத்தில் ஒருவரே பல ஊர்களின் பெயரையும் தேடி ஆராய வேண்டியிருந்தது. அவ்வாராய்ச்சியின் முடிபுகளை இன்று எல்லாரும் ஒப்புக்கொள்ளார். ஆயினும் பெயரைச் சொற்பிறப்பு நோக்கி ஆராயுமுன் அது எவ்விடத்திற் கிடக்கின்றதென்று புள்ளியிட்டுக் காட்டல் வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். அப்புள்ளியை இடுதற்குச் சொற்பிறப்பு அறிவு வேண்டியதில்லை. உயர்வகுப்பு மாணவன் ஒருவன் தன் பேரனாரோடு ஒரு பின்னேரம் ஊரைச் சுற்றி வந்தால் போதும்.

அவ்வாறு சேர்ப்போர் ஒரு கட்டுப்பாட்டை உறுதியாகப் பிடித்தல் வேண்டும். திணைக்களத் தாளிலிருந்தோ வணிக நிறுவனங்களின் படத்திலிருந்தோ பெயரை எடுத்து எழுதலாகாது. அது பிறர் உரிமை. சட்டம் தடுக்கும் இவ்வழி அறிவுக்கும் நல்வழி அன்று. பழைய பிழை அவ்வாறே புதுப் படத்திற் புகும். எழுதுவோன் பெயர்ப்பலகையைக் காணல் வேண்டும். பலகையிற் பிழையிருப்பின் ஊராரைக் கேட்டல் வேண்டும். ஊரார் சிதறியிருப்பின் சிதறிய இடத்தை நாடல் வேண்டும். வலிகாமம் வடக்கின் ஒழுங்கைப் பெயர்களை அறிந்தோர் பலர் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் முதுமையெய்தி வாழ்கின்றனர். செய்மதிப் படத்தை அவர் முன் விரித்து வைத்தால் பற்றைக்குள்ளே கோயிற் கிணற்றையும் சந்தியையும் விரலாற் காட்டுவர். அந்நகரங்களில் வெளியாகும் மரண அறிவித்தல்களிலே, ‘பிறப்பிடம்’ என்னும் சொல்லை அடுத்து, அவ்வூர்ப்பெயர்கள் இன்றும் பிழையின்றி அச்சாகின்றன.